உச்சிக்கல்லைச் சாப்பிட்ட மாமாவுக்கு

மில்பிடாஸ்
அக்டோபர் 1997

மதிப்பிற்குரிய வெங்கடாசலம் மாமா அவர்களுக்கு,

சாய்ராமின் வணக்கம். ஃப்ரீமான்ட்டில் மகன் வீட்டில் தாங்களும் மாமியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் தங்கள் அண்ணா பெண் கலாவதியும் சௌக்கியம். அனன்யா சௌக்கியமாக இல்லை. போனில் பேசினால் மரியாதை குறைந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் கொலுவுக்கு வந்தீர்கள். முதல் படியை ஒட்டி ஒரு வளைவு நின்றது. ரோமானியர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பாலத்தின் மாதிரி. அனன்யாவின் பள்ளி ப்ராஜெக்ட். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பசை கூடாது என்பது டீச்சரின் நிபந்தனை. கல்லுக்குப் பதில் மைசூர்பாகு. வேண்டுமென்றே காயவிட்டு, மேலே அகலம், கீழே குறுகல் என்று ஒவ்வொன்றாகச் சீவினோம். உருளையான ஓட்ஸ் டப்பாவைப் படுக்கவைத்து அதன்மேல் அடுக்கினோம். கடைசியாக, இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும் உச்சிக்கல். டப்பாவை உருவினோம். நின்றது. அனன்யா மூச்சுவிடவில்லை. நானும்.

கொலுவில் இருப்பதெல்லாம் பிரசாதம் என்ற தங்கள் நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் தட்டு நிறைய ஸ்வீட் இருந்ததே மாமா. அதை விட்டு, உச்சிக்கல்லை உருவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டீர்கள்.

"நன்னா இருக்கு. கொஞ்சம் ஹார்ட்."

வளைவு சரிந்தது. செட்டியார் பொம்மைக்கு ஒரு கை போனது.

"டாடி, ஹி ஏட் த கீஸ்டோன்," என்றாள் அனன்யா.

"என்ன சொல்றா கொழந்தை?"

"நீங்க சாப்பிட்டதுதான் சித்தப்பா பாலத்தைத் தாங்கிண்டிருந்தது," என்றாள் கலாவதி.

"கம்பி போடலையா? அண்ணாநகர்ல நான் வீடு கட்டறச்சே தூணுக்குத் தூண் கம்பி."

கம்பி. அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. கல்லை மேலிருந்து அழுத்தினால் தாங்கும். உத்தரமாகக் கிடத்தினால் நடுவில் விரிசல் விடும். அதனால் கிரேக்கர்கள் தூண்களை நெருக்கி நட்டார்கள். ரோமானியர்கள் கல்லை வளைத்து நிறுத்தினார்கள். பாரம் ஏற ஏற ஒன்றை ஒன்று நெருக்கி உறுதியாகும். தூண் குறைந்தது, இடம் விரிந்தது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் குழைத்து, மரச்சட்டத்தின்மேல் ஒரு கோயிலுக்குக் கவிழ்த்த கிண்ணம்போல் கூரை வார்த்தார்கள். அடியில் கனமான கல், உச்சிக்குப் போகப் போக நுரைபோல் லேசான கல். உள்ளே கம்பி இல்லை. இன்றும் நிற்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கியது. மேலிருந்து எடுத்துத் தின்னும் ஆள் மட்டும் அவர்கள் கணக்கில் இல்லை.

மாமிக்கு நமஸ்காரம். தங்கள் பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புகிறேன்.

கோபத்துடன், ஆனாலும் பணிவுடன்,
சாய்ராம்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் திங்கட்கிழமை வந்துவிட்டது. அனன்யா இடிந்ததையே பையில் போட்டு எடுத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். டீச்சர் உடனே மற்றவர்களின் வளைவுகளிலும் உச்சிக்கல்லை இழுத்துப் பார்த்தாராம். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் பசை. அப்பாக்களின் வேலை. அனன்யாவுக்கு மட்டும் ஏ கிரேடு. வியாழக்கிழமை வளைவை மறுபடி கட்டி, அது சரிவதை அடுத்த வகுப்புக்கும் செய்துகாட்ட வேண்டுமாம். உச்சிக்கல்லை நான் எடுக்கிறேன் என்றேன். தாங்கள்தான் வேண்டும் என்கிறாள். அன்று காலையில் காருடன் வருகிறேன். டிபன் சாப்பிட்டுவிட வேண்டாம்.