பயனாளி இல்லை, பங்காளி

"பயனாளியா? யாருங்க இங்க பயனாளி?"

தையல்காரம்மா ஒப்பந்தத்தை மேசைமேல் அடித்த அடியில் பல்கலைக்கழகப் பதிவாளரின் டீ கிளாஸ் துள்ளியது.

தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதால், மழை வந்தால் பதினேழு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். போன மழையில் அவருடைய தையல் மிஷினே துருப்பிடித்துப்போனது. சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பசங்களோட வந்து ஒரே நாள்ல குழாய் மாத்திடறேம்மா" என்றிருந்தார். அதற்குத்தான் இந்த ஒப்பந்தம்.

"பங்காளின்னு போடுங்க. சரிக்குச் சமம்!"

"பங்காளின்னா சண்டை வருமேம்மா" என்று சிரித்தார் பதிவாளர்.

"வரட்டும். சண்டைக்குப் பயந்தா சங்கம் நடத்த முடியுமா?"

போட்டார்கள். பங்காளி என்றால் கூட்டுக்குழு வேண்டுமாம். வாரம் இரண்டு கூட்டம். அதில் சாக்கடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

"முதல்ல சாக்கடையப் பேசுங்க!" என்று தையல்காரம்மா சீறினார்.

உடனே சாக்கடைக்கென்று ஒரு துணைக்குழு பிறந்தது. அதற்குத் தலைவி அவரேதான்.

"இனி எங்கள யாரும் ஏமாத்த முடியாது. என் கையெழுத்து இல்லாம தெருவுல ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது. எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கையெழுத்துக்கு முன்னால் மதிப்பீடு, அதற்கு முன்னால் கருத்துக்கேட்பு, அதற்கும் முன்னால் ஒரு தீர்மானம். கடையில் தைக்க வந்த துணி மலையாகக் குவிந்தது.

அந்தப் பேராசிரியர் மட்டும் ஒரு கூட்டத்துக்கும் தலைகாட்டவில்லை.

"எங்கய்யா அவரு?"

"வேற மீட்டிங்ல இருக்காரும்மா."

ஆறாவது வாரம், காலை எட்டு மணிக்கே பல்கலைக்கழகத்துக்கு வரச்சொன்னார்கள். திட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று விவாதம். சாயங்காலம் வானம் கறுத்தபோதும் பெயர் கிடைத்தபாடில்லை. தையல்காரம்மா நாற்காலியைத் தள்ளினார். எழுந்தார். தீர்மானத் தாளை நாலாகக் கிழித்தார்.

"நீங்களும் வேணாம், உங்க குழுவும் வேணாம். எங்ககிட்ட கை இருக்கு, மண்வெட்டி இருக்கு. நாங்களே தோண்டிக்கிறோம்!"

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தவர் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வீட்டு வாசலையும் தொடாமல், தண்ணீர் புதுக் குழாய்க்குள் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை சேறோடு மாணவர்கள் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?"

எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கத்தாதீங்கக்கா, பேராசிரியர் பயந்துபோய் எங்க வீட்டுக்குள்ள உக்காந்திருக்காரு. நீங்க ஒரு நாள் முழுக்கத் தெருவுல இல்லாம இருந்தாத்தான் வேலை நடக்கும்னு, இன்னிக்கு அந்த மீட்டிங்கையே அவர்தான் போட வச்சாராம்!"