அனுமதி பெற்ற கலகக்காரர்

கலகம் செய்வதற்கு மூன்று நகல்களில் விண்ணப்பம் கொடுத்து, முத்திரை வாங்கி, அந்த அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அதற்கப்புறம் கலகம் செய்கிற ஒரு ஜாதி மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்ததில்லையா? அப்படியானால் நீங்கள் என்னைப்போல் இருபத்தைந்து ஆண்டுகள் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் குடியிருக்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். காலையில் ஓவியர், மாலையில் நிகழ்த்துகலைஞர். இந்த இனத்தின் குறையற்ற மாதிரி, எங்கள் மூன்றாம் மாடி டெட்லெஃப் வுட்கே.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஜூலை வெயிலிலும் கறுப்புக் கம்பளிச் சட்டை. பூட்ஸில் சாயத் துளிகள். பூட்ஸைத் துடைப்பார், துளிகளைத் துடைக்கமாட்டார். கலைக் கல்லூரியில் யாரோ ஒரு பேராசிரியர் "இன்னும் கோபமா வரைப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நிலக்கரிச் சாம்பலால் ஆறு ஆண்டு, வினிகரால் மூன்று ஆண்டு கோபமாக வரைந்து, பிறகு தூரிகையே ஓர் அடக்குமுறை என்று கண்டுபிடித்து, முதுகால் வரைந்தார். ஒன்றும் விற்கவில்லை. "சந்தையை நான் நிராகரித்தேன்" என்று அழைப்பிதழில் அச்சடித்தார். சந்தை அழுததாகத் தகவல் இல்லை.

அடுத்து, உடம்பே படம் என்றார். பழைய நூற்பாலை ஒன்றில் ஒன்பது மணி நேரம் உருளைக்கிழங்கு உரித்தார். அதற்கு முன்பு ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார்: "வுட்கே நமக்கு எதையும் சொல்வதில்லை, அதுதான் அவர் சொல்வது." நாங்கள் ஒயின் கிளாஸோடு தலையாட்டினோம்.

"தோலோட பாதிக் கிழங்கும் போகுது. வீட்டுல ஒரு நாளாவது உரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று என் காதில் முணுமுணுத்தார் அவர் மனைவி குட்ருன்.

குட்ருனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் கண்ணைச் சோதித்து அந்தப் பெண்மணி கொண்டுவந்த சம்பளத்தில்தான் இந்த மகத்தான நிராகரிப்புகள் எல்லாம் நடந்தன. பதிலுக்கு அவர் எதிர்பார்த்தது என்ன? "நீ இல்லாம முடியாது" என்று ஒரு வார்த்தை. அது மட்டும் வரவில்லை. வார்த்தைகள் எல்லாம் அழைப்பிதழுக்குப் போய்விட்டன.

போன அக்டோபரில் வுட்கேயின் புதிய நிகழ்வு. தலைப்பு: 'கீழ்ப்படியாமை'. காலியாகக் கிடந்த ஒரு செருப்புக் கடையின் கண்ணாடிக்குள் பத்து மணி முதல் ஆறு மணி வரை அசையாமல், பேசாமல் நின்று, இந்த ஒழுங்கு உலகத்தை முறைப்பது. நகராட்சி அனுமதி தந்தது. மதிய இடைவேளை: ஒன்று முதல் ஒன்றரை வரை.

அன்று காலை மாடிப்படியில் பேச்சு கேட்டது.

"எங்க கடையோட கீல் ஊர்க் கிளைய என்னையே பாத்துக்கச் சொல்றாங்க, டெட்லெஃப். இன்னைக்கே கிளம்பணும். போகட்டுமா, வேணாமா?"

"நிகழ்வுக்கு முன்னாடி நான் பேசறதில்லைனு உனக்குத் தெரியாதா?"

"இதையும் பேசித்தானே சொல்றே!"

கதவு சாத்தப்பட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குக் குட்ருன் பெட்டியோடு கடைக் கண்ணாடி முன் வந்து நின்றார். நாங்கள் முப்பது பேர் சுற்றி நின்றோம். கண்ணாடியைத் தட்டினார்.

"ஒரு மணி மூணு நிமிஷத்துக்கு டிராம். போகாதேனு ஒரு வார்த்தை சொல்லு. இந்தப் பெட்டிய அப்படியே வீட்டுக்குத் திருப்பிடறேன்."

வுட்கேயின் கண்கள் நிரம்பின. உதடு துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் தன் மனைவியை உயிராக நேசித்தார். ஆனால் நிரம்பிய அந்தக் கண்கள் எங்கே போயின? எதிர்த் தேவாலயத்துக் கடிகாரத்துக்கு. மணி ஒன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"அடடா, என்னமா நடிக்கிறா!" என்றார் என் பக்கத்தில் குறிப்பேடு வைத்திருந்த பெண்.

"நடிப்பில்லம்மா, அது அவர் பொண்டாட்டி."

"அதனாலதான் இவ்வளவு பிரமாதம்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ் வுட்கே, வாயத் தெறய்யா!" என்று கத்தினேன். முப்பது பேரும் சேர்ந்து "உஷ்!" என்றார்கள்.

குட்ருனின் மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். கணவரை ஒருமுறை தெளிவாகப் பார்த்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மணி ஒன்று அடித்தது. "குட்ருன்!" என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார் வுட்கே. அவர் பின்னால் நான், என் பின்னால் ரசிகர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் டிராம் நின்றது. ஜன்னலில் குட்ருன். நடுவில் பன்னிரண்டு அடிச் சாலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கார் இல்லை, சைக்கிள்கூட இல்லை.

வுட்கே நின்றுவிட்டார்.

"போய்யா! வண்டியே இல்லை!"

"சிவப்பு எரியுதே!" என்றார், நடப்பவர்களுக்கான சிக்னலைக் காட்டி, விம்மலோடு.

ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார் குட்ருன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிராம் மணியடித்து நகர்ந்தது. அது வளைவில் மறைந்தபின், பச்சை விழுந்தது.

ரசிகர்கள் கைதட்டினார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஓடியிருப்பீர்கள். டாக்சி பிடித்து ரயில் நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். வுட்கே திரும்பினார். ஈரமான முகத்தோடு, இடுப்பை வளைத்து, வணங்கினார்.

இப்போது அவர் பெரிய மனிதர். 'சிவப்பு' என்ற நிகழ்வு ஒன்பது ஊர்களில் நடந்திருக்கிறது. மாலை ஏழு மணிக்குச் சரியாக அழுகிறார். பழைய பாத்திரத்தில் நடிக்க வருமாறு குட்ருனுக்கும் அழைப்பு அனுப்பினார். கீலிலிருந்து ஒருவரிப் பதில் வந்தது: "பச்சை விழுந்ததும் நீ என்ன செஞ்சே?"

அந்தக் கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை. சட்டம் போட்டு, கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குச் சாம்பலும் வேண்டாம், வினிகரும் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சற்று முன்பு உள்ளேயிருந்து உங்களை யாரோ இரண்டு தரம் கூப்பிட்டார்கள். "இதோ, இந்தப் பக்கம் முடியட்டும்" என்று கண்ணை எடுக்காமலே பதில் சொன்னீர்கள். பக்கம் முடிந்துவிட்டது. கூப்பிட்டவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று எழுந்து போய்ப் பாருங்கள்.