மறைநாணயமும் வெறுங்காலும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் கணவனின் ஆசிகள். இங்கு என் முட்டியைத் தவிர யாவரும் சுகம். அங்கு நீயும், உன் சலவைக் கடையும், இஸ்திரிப் பெட்டிகளும் சுகம்தானே?

வங்கி வேலையை உதறிவிட்டு நீ கடை வைத்த நாளிலிருந்து உன் அக்கா உன்னோடு பேசுவதில்லை. "அவனுக்குச் சல்லிக்காசு கொடுத்தாலும் நீங்களும் அங்கேயே போய் துணி துவைங்க" என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்காரர் காட்டிய மறைநாணயத்தில், அதாவது போனிலேயே அனுப்பும் கிரிப்டோ காசில், உனக்குப் பணம் அனுப்பி வந்தேன். அனுப்பியவர், பெற்றவர், தொகை எதுவும் வெளியே தெரியாது, பல பேர் அனுப்பியதுபோல் கலந்து காட்டிவிடும் என்று அவர் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தவர் கல்யாணமாகாதவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

போன வாரம் உன் அக்கா நிதானமாகக் கேட்டாள்: "என்ன, என் தம்பிக்கு அனுப்பியாச்சா?" அவள் போனைத் திறக்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. நான் சிக்னலுக்காக மொட்டைமாடி ஏறுவேனாம், சீட்டியடித்துக்கொண்டே இறங்குவேனாம், கொஞ்ச நேரத்தில் நீ புது இஸ்திரிப் பெட்டியோடு பல்லைக் காட்டி ஸ்டேட்டஸ் போடுவாயாம்! அவளைக் குழப்பணும்னு சும்மா சும்மா மாடி ஏறினேன், முட்டி போச்சு. சும்மா ஏறினா சீட்டி வரமாட்டேங்குது மச்சான், நான் என்ன பண்றது? அப்புறம் கம்ப்யூட்டர்காரர் யோசனைப்படி, இங்கே குடியிருக்கிற ரிட்டயர் ஆனவங்க மூணு பேரைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போய், நாலு பேரும் வரிசையா நின்னு போனைத் தட்டினோம். கீழே வந்தா, "மத்தவங்க செருப்போட போனாங்க, பதட்டத்துல நீங்க மட்டும் வெறுங்கால்"ங்கறா! இப்போ அந்த மூணு வீட்டுலயும் 'யாருக்கு அனுப்பறீங்க'ன்னு ரகளை. அதுல ஒருத்தர்கிட்ட போனே கிடையாது, பாவம், டிவி ரிமோட்டைத் தட்டிட்டு நின்னார்.

உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்த ஸ்டேட்டஸை நிறுத்து. இல்லேன்னா நான் மூட்டை முடிச்சோட உன் கடைக்குத்தான் வரணும். நான் இதுவரைக்கும் எதையும் ஒத்துக்கலை. என் தரப்பிலிருந்து ஒரு சொல் கசியாது.

உன் கடையில் துணி குவிய வாழ்த்தும்,
வாய் திறக்காத உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, பசை எங்கேன்னு தெரியாம, உறையை ஒட்டித் தரச்சொல்லி அத்தான் இதை என்கிட்டயே கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் உனக்குப் பணம் ரெண்டு தரம் வருதே, அவருக்கு அவ்வளவு பெரிய மனசுன்னா நெனச்சே? ரெண்டாவது நான் அனுப்பறது. சமையலறையிலயே சிக்னல் நல்லா வருது. உன்மேல எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆனா ஸ்டேட்டஸை மட்டும் நிறுத்திடாதேடா, உன் மூஞ்சியை நான் வேற எங்கே பார்க்கறது?