பர்னபாஸின் காது

ஒரே காலையில் மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் 'பாறை வெடிப்பு' என்று அச்சடித்துத் தள்ளியதும் பர்னபாஸ் தாளைக் கிழித்தெடுத்து முறைத்தார்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் சத்தங்களைக் கண்காணிக்கும் ஆபீஸுக்கு அவர்தான் பொறுப்பு. பூமிக்கடியிலும், மேலே ஆபீஸைச் சுற்றியும் புதைத்திருந்த மைக்குகள் கேட்பதையெல்லாம் அந்த பீரோ அளவு மெஷின் வாங்கி, தனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரிச் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் கீழே பாறை தானாக வெடித்துச் சரிகிறது என்று மணி அடிக்கும். கீழே இருப்பவர்கள் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் ஏறி மேலே வந்துவிட வேண்டும்.

மாதிரிச் சத்தத்தைப் பொறுக்கிக் கொடுத்தவரும் அவரே. ஆபீஸில் பதிவான பழைய டேப்புகளைக் கேட்டு, "இதான் அசல் பாறை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் காது சார் இது" என்று இன்ஜினீயரிடம் மார்தட்டியிருந்தார்.

சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்டிலிருந்து, கேஜ் ஓட்டும் எட்மண்ட் போன் செய்தார்.

"இன்னா பர்னபாஸு, மறுபடியுமா? கீழ ஒரு கூழாங்கல்லு கூட அசையலயாம்."

"வெளிய ஏதோ சத்தம் மெஷினைக் கொழப்புது. இதோ புடிக்கிறேன்."

விறுவிறுவென்று கிளம்பினார். பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் மங்கம்மா மாவாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆட்டுக்கல்ல கொஞ்சம் நிறுத்துங்கம்மா. சுரங்கமே நின்னு போச்சு."

"நிறுத்தறேன். சாயங்காலம் உங்க வூட்டுக்கு இட்லி மாவு வேற எங்கனா வாங்கிக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்தால் மெஷினிலிருந்து இன்னொரு தாள் தொங்கியது.

மறுநாள் தச்சுப் பட்டறையை நிறுத்தினார். அதற்கடுத்த நாள் சர்ச் மணியை நிறுத்தச் சொல்லி ஃபாதரிடமே போனார். ஓடி ஓடிச் சத்தங்களை அடக்க அடக்க, மணி அடிப்பதும் கூடிக்கொண்டே போனது. சனிக்கிழமை மட்டும் பதினொரு தடவை.

"இனிமே எவனும் ஏறி வர மாட்டான்" என்றார் எட்மண்ட். "உன் மணி கேட்டா சிரிக்கறானுங்க. நெஜமா வெடிச்சா இன்னா பண்ணுவ? உன் மச்சான் மாணிக்கராஜும் கீழதான் இருக்கான்."

பர்னபாஸுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் காதுக்குள் தூசியைத் தவிர வேறெதுவும் போகவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை, ஒன்றுக்குக்கூட எழுந்திருக்காமல் மெஷின் எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரம். மணி அடிக்கவே இல்லை. சரியாகிவிட்டது. பூரித்துப்போய் மேலதிகாரி ஹரோல்டிடம் சொல்ல ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அங்கே போன் வந்திருந்தது.

"மறுபடியும் அடிச்சுதாம்" என்றார் ஹரோல்ட். "வாங்க, அந்த மாதிரிச் சத்தத்தை நானே கேக்கறேன்."

ஆபீஸுக்கு வந்து டேப்பை ஓடவிட்டார்கள். பர்னபாஸ் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"அந்த 'டொம்'முக்குப் பின்னாடி ஒரு நடுக்கம் வருது பாருங்க சார். பாறைய தவிர வேற எதுக்கும் அது வராது."

தரை துடைத்துக்கொண்டிருந்த தாயம்மா நிமிர்ந்தார்.

"பாறையாங்கய்யா? இது நீங்க வெளிய போறப்பல்லாம் அறைஞ்சு சாத்தற கதவாச்சே."