சும்மாக்காவின் பெஞ்சு

பதுளைப் பக்கம் சும்மாக்கா உட்காராத பெஞ்சு ஒன்று இருக்குமானால், நிச்சயம் அதற்குக் கால் உடைந்திருக்கும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. "இங்க என்னம்மா பண்றீங்க?" என்று யார் கேட்டாலும், "சும்மாதான்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தொழிலாளர் லயத்து வீட்டில் ஆறு பேர், ஒரு டிவி, மூன்று வாய்ச்சண்டை. அங்கே கதை எழுத முடியுமா? அதனால் ஞாயிறானால் கொப்பியும் பேனாவுமாக டவுனுக்கு வந்துவிடுவார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாவலையாவது முடித்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

முதலில் ஆஸ்பத்திரி. நம்பர் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவார். தன் முறை வந்தால் பின்னால் இருப்பவரை அனுப்பிவிடுவார். ஒருநாள் யாழ்ப்பாணத்து டாக்டர் வெளியே வந்தே பிடித்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"இங்க ஃபேன் நல்லா சுத்துதுங்க."

அடுத்தது ஸ்டேஷனில் நின்ற ரயில். ஜன்னலோர இருக்கை, அருமையான வெளிச்சம். அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎல வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். டிக்கெட் கேட்டவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "நின்ன ரயில்லதாங்க ஏறுனேன். நானா போகச் சொன்னேன்?" என்று அவரிடமே பாய்ந்திருக்கிறார்.

கடைசியில் எங்கள் பஸ் ஸ்டாண்ட். எதிரே போன் ரிப்பேர் கடையில் எனக்கு வேலை என்பதால் மீதியெல்லாம் கண்ணால் கண்டது. பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம்கீப்பருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 'பஸ்ஸுக்குக் காத்திருப்போர் மட்டும்' என்று அட்டையில் எழுதிப் பெஞ்சுக்கு மேலே மாட்டினார்.

"நானும் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கேன்" என்றார் சும்மாக்கா.

"காலையிலருந்து பத்து பஸ் போயிருச்சே!"

"வந்தது ஒண்ணும் எனக்குப் புடிக்கல."

"எந்திரிக்கிறீங்களா, போலீஸக் கூப்புடவா?"

சும்மாக்கா நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். "கதையில ஒரு டைம்கீப்பர் வர்றாரு அண்ணே. நல்ல மனுசன்தான். என்னைய எழுப்பிவிட்டீங்கன்னா அடுத்த அத்தியாயத்துல செத்துப்போயிருவாரு."

டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த போனைப் பார்த்தேன். சாயங்காலம் அட்டையைக் காணோம். அதன்பிறகு ஞாயிறு தோறும், "நான் இன்னும் இருக்கேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனிதர் டீ குடிக்கவே போவார். திரும்பும்போது பெஞ்சுக்கும் ஒரு டீ வரும்.

போன மழையில் ஒரு ஞாயிறன்று பாதையில் மண் சரிந்துவிட்டது. நமுனுகுல பஸ் ஓடவில்லை. நனைந்த ஜனம் முழுக்க ஸ்டாண்டுக்குள் நெருக்கியடித்து நிற்க, அந்தப் பெஞ்சில் மட்டும் டைம்கீப்பர் முகம் துடைக்கும் லேஞ்சி விரித்துக் கிடந்தது. பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் போடுவோமே, அதே மாதிரி. உட்காரப் போனவர்களிடமெல்லாம், "ஆள் வருது, ஆள் வருது" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸே இல்ல, யாருங்க வரப்போறா?" என்றேன்.

"கதை பாதியில நிக்குது தம்பி. நடந்தாவது வரும்."

நானும் கடையைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேர் காவல் என்றால் யாரும் கிட்டே வரமாட்டார்கள் அல்லவா?

மத்தியானம் தாண்டி, முழங்கால் வரை சேறும், கக்கத்தில் பொலித்தீன் சுற்றிய கொப்பியுமாக வந்து நின்றார் சும்மாக்கா. நன்றியா சொல்வார்?

"எந்திரிங்க ரெண்டு பேரும். எடத்த அடைச்சுக்கிட்டு!"

எழுந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் இடம் விட்டுக் கொடுத்ததில்லை.