மாவிஸ் கல்லூரியில் சேர்ந்த காரணம்

மினசோட்டா
ஏப்ரல் 20, 1986

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஹார்லன் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். ஃபார்கோவில் உனக்கும் அத்தானுக்கும் குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படி.

மகள் ஜனீனுக்குக் கல்லூரி தேடிய கதை உனக்குப் பாதி தெரியும். அவள் ஆசைப்பட்டது அயோவாவில் மணிக்கூண்டு உள்ள ஒரு தனியார் கல்லூரி. அங்கே ஒரு வருஷச் செலவு, நான் பனி அள்ளும் லாரி ஓட்டி வாங்கும் சம்பளத்தில் பாதிக்கு மேல். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஜனவரியில் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பினோம். அதில் ஒரு கேள்வி: வீட்டில் எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறீர்கள்? ரெண்டு பேர்னா நாம கட்ட வேண்டிய பங்கு பாதியாயிடுமாம். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, பெண்டாட்டிகிட்ட "நீயும் போய்ப் படியேன் மாவிஸ்"னு சொல்லித் தொலைச்சேன். பள்ளிக்கூடச் சமையலறையில இருபது வருஷம் உருளைக்கிழங்கு மசிச்சவ, மறுநாளே ஊர்க் கல்லூரியில பேர் குடுத்துட்டு வந்துட்டா. புவியியல் வகுப்புக்குக் கல்லு பொறுக்கணும்னு என்னைக் கூட்டிட்டுப் போனா. கார் சேத்துல மாட்டிக்கிச்சு. ஊருக்கே வழி பண்ணிக் குடுக்கிற என்னை, எனக்குக் கீழ வேலை பார்க்கிறவன் வந்து கயிறு கட்டி இழுத்தான். அவ படிப்புல இருந்ததால, சர்ச் விருந்துக்கு டூனா மீனும் நூடுல்ஸும் போட்டு வேகவைக்கிற கேசரோலை நானே செஞ்சேன். பாதிரியார் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "வித்தியாசமா இருக்கு, ஹார்லன்"னார். நம்ம ஊர்ல அப்படிச் சொன்னா வாயில வைக்க முடியலன்னு அர்த்தம், உனக்கே தெரியும்.

போன வாரம் அயோவாவிலிருந்து கடிதம் வந்துச்சு. ஏகப்பட்ட உதவி! நான் குதிச்சேன். ஜனீன் வரி வரியா அடிக்கோடு போட்டா.

"அப்பா, இதுல பாதி உதவி இல்ல, கடன். என் பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் கட்டிட்டிருப்பேன்."

"மணிக்கூண்டு?"

"எங்கிட்ட கைக்கடிகாரம் இருக்குப்பா."

சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு, கண்ணு சிவந்து இறங்கி வந்தா. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே போறாளாம்.

அங்கே உதவி இல்லாமலே என் சம்பளத்துல கட்டிடலாம். அப்போ மாவிஸ் படிக்க வேண்டிய அவசியமே இல்லையே! நேத்து நயமாத்தான் கேட்டேன்.

"விண்ணப்பத்துக்காகத்தானே சேர்ந்தே?"

"சேர்ந்தது அதுக்குத்தான், ஹார்லன். இப்ப போறது அதுக்கில்ல."

சொல்லிட்டுப் புத்தகத்தைத் திறந்துட்டா. வியாழக்கிழமை பரீட்சையாம். அக்கா, நீ சொன்னா அவ தட்ட மாட்டா. ஒரு போன் போட்டு, நிறுத்தச் சொல்லு.

உன் முழங்கால் வலியும் அத்தானின் கோதுமை விதைப்பும் ஆண்டவர் பார்வையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி ஹார்லன்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் பத்து நாளாக மேஜையிலேயே கிடந்தது. இன்னிக்கு மாவிஸோட விடைத்தாள் வந்துச்சு. தொண்ணூத்தி நாலு. ஜனீன் அதை எடுத்துட்டு எங்கிட்ட வந்து, "வீட்டுப் பெரியவங்க கையெழுத்து வேணும்"னு பேனாவை நீட்டினா. மாவிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னா, முகத்தைக் காட்டல. போட்டுட்டேன். அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டியாச்சு. நீ போன் மட்டும் பண்ணு அக்கா, வாழ்த்துச் சொல்லு. மேலே எழுதினது அவளுக்குத் தெரிய வேண்டாம்.