குடை வேண்டாம் என்றது கோபுரம்

கடலுக்கும் மலைக்கும் நடுவே, எந்த நிலப்படத்திலும் அகப்படாத ஓரிடத்தில் கொன்றைநாடு இருந்தது. நாடு என்றால் மன்னர் இருப்பார், மன்னர் இருந்தால் மைத்துனர் இருப்பார், இருவரும் இருந்தால் மந்திரிகளுக்கா பஞ்சம்? ஆனால் பக்கத்து நாடுகளில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. ஊர் நடுவே ஓர் ஒலிக்கோபுரம். அதன் உச்சியில் பெரிய பித்தளைக் குழல். மாலையில் அதில் வாய் வைத்துப் பேசினால் நாலு திசைக்கும் கேட்கும். மழை வருமா, உப்பு என்ன விலை, பெரியகுளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்த அதிகாரி கைநீட்டிப் பிடிபட்டார், எல்லாம் அதில் வரும்.

கோபுரத்தைக் கட்டியவர்கள் மக்கள். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு படி நெல் கொடுத்து அதை நடத்தியவர்களும் மக்களே. சோறு போடுவது ஊர் என்பதால் கோபுரம் ஊருக்கு மட்டும்தான் பயந்தது. அரண்மனைச் சமையலறையில் நெய் காணாமல் போய், அது மைத்துனர் வீட்டில் அகப்பட்டதைக்கூட ஒருமுறை தயங்காமல் சொல்லிவிட்டது.

சொன்னவள் அறிவிப்பாளர் செண்பகவடிவு. கணீரென்ற குரல், ஒளிவுமறைவு தெரியாத மனசு. அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான்: தான் சொன்னதை ஊர் நம்ப வேண்டும். ‘வடிவு சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும்’ என்று யாராவது பேசிக் காதில் விழுந்தால், அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

நெய் விவகாரத்துக்குப் பிறகு மன்னர் மகுடேசருக்குக் கோபுரத்தின்மீது திடீரென்று கருணை பிறந்தது. ஏழைகளின் நெல்லை வாங்கியா ஒரு கோபுரம் பிழைப்பது? இனி அரண்மனைக் களஞ்சியமே படியளக்கும் என்று ஆணையிட்டார். ஒரு படி நெல் மிச்சம் என்று மக்களும் சந்தோஷப்பட்டார்கள். பாவம், ஓசியில் வந்தது எதுதான் உருப்பட்டிருக்கிறது?

அடுத்து, செவிநலத்துறை அமைச்சர் பூபதிநாதர் கோபுரத்தின் சுதந்திரத்தைப் பாதுகாக்க ஒரு தன்னாட்சி வாரியம் அமைத்தார். “வாரியத்தில் எல்லாத் தரப்பும் இடம்பெற வேண்டும் என்பதில் இவ்வரசு உறுதியாக உள்ளது,” என்று சபையில் முழங்கினார். ஆகவே மூவரை மன்னர் நியமித்தார், மூவரை அமைச்சர், மூவரை மைத்துனர். மைத்துனர் அனுப்பியவர்களில் ஒருவர் அதுவரை கோபுரம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவர்தான் தலைவர்.

வாரியம் கூடியது. ஒரு கசப்புச் செய்தி சொன்னால் ஓர் இனிப்புச் செய்தியும் சொல்ல வேண்டும் என்று விதி செய்தது. கசப்பு மன்னரின் ஜீரணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அரண்மனை வைத்தியர் எழுதிக் கொடுக்கவே, கொஞ்ச நாளில் இனிப்பு மட்டும் மிஞ்சியது.

“ஐயா, வெளியில மழை கொட்டுது. வானம் தெளிவா இருக்கு, குடை வேண்டாம்னு எப்படிங்கய்யா வாசிக்கிறது?” என்று கேட்டாள் வடிவு.

“நனையாமல் வாசி,” என்றார் அமைச்சர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலையால் மக்கள் முதலில் தவித்துத்தான் போனார்கள். உப்பு ஏராளம் என்றது கோபுரம். மறுநாள் கடைகளில் ஒரு கல் உப்பு இல்லை. வரி ஏறாது என்றது, ஏறியது. கடைசியில் வழி கண்டுபிடித்தவள் கோபுரத்தடியில் கடை போட்டிருந்த பேச்சி.

“திருட்டுப் பயமே இல்லன்னாங்க, என் கோழி போச்சு. உப்பு இருக்குன்னாங்க, உப்பு போச்சு. எதுக்கு வீணா வருத்தப்படணும்? அவங்க சொல்றத தோசை மாதிரி திருப்பிப் போட்டுக்கோங்க, சரியா வெந்திருக்கும்,” என்றாள்.

நாடே திருப்பிப் போட்டுக்கொண்டது. குடை வேண்டாம் என்றால் குடையோடு கிளம்பினார்கள். விலை குறையும் என்றால் அன்றைக்கே வாங்கி வைத்தார்கள். பாதிப் பொய்யாக இருந்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். முழுப் பொய் என்பதால் பிழைத்தார்கள். மாலையானால் கோபுரத்தடியில் திருவிழாக் கூட்டம். மாடத்திலிருந்து பார்த்த மன்னர் பூரித்துப் போனார். “ஒரு சொல்லைக்கூட மக்கள் தவறவிடுவதில்லை, மன்னா,” என்றார் அமைச்சர். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

வடிவுதான் உள்ளுக்குள் வெந்துபோனாள். “அக்கா, நேத்து நீங்க புளுகினது எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு,” என்று ஒருத்தர் நிஜமான நன்றியோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்கு ஒரு இட்லிகூட இறங்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால், அந்த இடத்துக்கு மைத்துனரின் ஆள் வருவான். விவரம் தெரியாதவன், வாய்தவறி ஒரு நாள் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் ஊர் என்ன ஆவது? அந்தப் பயத்திலேயே அவள் பொய் பிசகாமல் வாசித்துவந்தாள்.

ஐப்பசி வந்தது. விடாமல் மழை. ஒரு பிற்பகலில் கரைக்காவலர் நனைந்த கோலத்தில் ஓடிவந்தார். பெரியகுளத்துக் கரையில் விரிசல், இன்றைக்குள் உடையும். உடைந்தால் முதலில் போவது மடையடித் தெரு. வடிவின் அக்கா கோமதி குழந்தைகளோடு குடியிருந்தது அங்கேதான். அமைச்சர் தம் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான்.

அமைச்சர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோபுரப் படியேறினார். “வடிவு, வாரியமாவது மண்ணாவது. கரை உடையப்போகிறது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று சொல். உடனே சொல்.”

இத்தனை காலமாக வடிவு கும்பிட்டுக் கேட்ட அனுமதி, வாராது வந்து வாசலில் நிற்கிறது.

“வேண்டாங்கய்யா,” என்றாள். “உங்க காலில் விழுறேன். இன்னைக்கு மட்டும் உண்மை வேண்டாம். நான் பொய்யே சொல்றேன்.”

அமைச்சருக்கு முகம் சிவந்தது. “அரசின் கோபுரத்தில் பொய்யா? என் காலத்தில் அது நடக்காது.”

“அப்ப இத்தன நாளா நான் வாசிச்சது?”

“அது கொள்கை விளக்கம்.”

அவளை ஒதுக்கிவிட்டு அவரே குழலில் வாய் வைத்தார். “மக்களே, நான் அமைச்சர் பேசுகிறேன். பெரியகுளத்துக் கரை உடையப்போகிறது. உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.”

ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. அமைச்சரே வந்து கரை உடையும் என்கிறாரே, அப்படியானால் கரை கல்லுமாதிரி நிற்கிறது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அவிழ்த்து வைத்தார்கள். மடையடித் தெருவில் கதவைச் சாத்திவிட்டு மதியத் தூக்கம் போடப் போனார்கள். ஜன்னல் வழியே அமைச்சர் பார்த்தார். தம் மகள் மழை படாத திண்ணையில் சாவகாசமாக மாவுக்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் யாரும் ஓடவில்லை?” என்று கேட்டார்.

“நகருங்கய்யா,” என்றாள் வடிவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பழைய கணீர்க் குரலில் வாசித்தாள்: “சற்றுமுன் சொன்னதை யாரும் நம்ப வேண்டாம். கரை மிக மிக உறுதியாக உள்ளது. எவரும் மேட்டுக்குப் போகத் தேவையில்லை. மடையடித் தெருவினர் நிம்மதியாக உறங்கலாம். கரையை அமைச்சர் நேரில் பார்வை...”

‘யிட்டார்’ வருவதற்குள் தெரு காலி. பிள்ளையை இடுப்பில், அடுக்குப் பானையைத் தலையில், ஆட்டைக் கயிற்றில் என்று அத்தனை பேரும் மேட்டில் நின்றார்கள். கோலமாவுக் கையோடு அமைச்சரின் மகளும், அவளை இழுத்துக்கொண்டு கோமதியும் நின்றார்கள். பொழுது சாயுமுன் கரை உடைந்து, ஆளில்லாத தெருவில் வெள்ளம் புகுந்து போனது. ஓர் உயிர் போகவில்லை.

மறுநாள் சபையில் விசாரணை. வாரியத் தலைவர் எழுந்து, “அனுமதியின்றி அமைச்சர் உண்மை பேசியது நிரூபணமாகிவிட்டது. முதல் தடவை என்பதால் எச்சரித்து விடலாம். அறிவிப்பாளர் விதிப்படியே நடந்திருக்கிறார்,” என்றார்.

அமைச்சர் வேறு வழியின்றி, வடிவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த, நாடு தோசை திருப்பும் கதையைச் சொன்னார். மன்னர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“அப்படியானால், ‘மன்னரை மக்கள் உயிராக நேசிக்கிறார்கள்’ என்று தினமும் கடைசியில் வாசிக்கச் சொன்னோமே?”

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அன்றிரவு மன்னருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயந்த மனுஷன் நல்ல காரியம் செய்வதும் உண்டு. வாரியத்தைக் கலைத்தார். பழையபடி மக்கள் நெல்லே கோபுரத்தை நடத்தும், அரண்மனை ஆள் எவரும் அதன் படியேறக்கூடாது என்று முத்திரையிட்டுக் கொடுத்தார். நிஜமாகவே கொடுத்தார்.

மாலையில் வடிவு பறந்துகொண்டு படியேறினாள். ஊரே கூடியிருந்தது. சந்தோஷமாகக் குழலில் வாய் வைத்து அவள் சொன்னாள்: “மக்களே, இன்று முதல் இந்தக் கோபுரம் சுதந்திரமானது. இனி யாருக்கும் அஞ்சாமல் உண்மையை மட்டுமே பேசும். என்னை நம்புங்கள்.”

கீழே கூட்டம் மொத்தமும் உச்சுக்கொட்டியது. ஒரு பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“புரியுது தாயி. முன்னைவிட இறுக்கிக் கட்டிப்போட்டுட்டாங்க. நீ மனசை விட்டுடாத. உனக்கும் ஒரு காலம் வரும்.”